உள்ளே மாற்றினால் வெளியே எழுது!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு வகுப்புக்கு வந்தபோது, 'சூரிய சக்தியின் எதிர்காலம்' என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. எழுத ஆளும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வருஷமாக என் மனசை அரித்துக்கொண்டிருப்பது ஒரு அரை ஹெச்.பி. மோட்டார். அதை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறியில். அம்மா கூலிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பார். காஞ்சிபுரத்தில் சேலைத் தறியை மோட்டாரில் ஓட்டக் கூடாது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சேலை கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம். ஆனால் தறிக்கு முன்னால் எத்தனை வேலை இருக்கிறது! நூலைப் பிரிப்பது, சுற்றுவது, முறுக்குவது, தார் போடுவது... சேலையைப் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. பெரும்பாலும் பெண்கள் கையால், ராட்டையைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை தேயச் செய்த வேலை. மோட்டார் வந்து உட்கார்ந்த இடம் அதுதான்.

மூடிப்போன ஒரு முறுக்கு யூனிட்டிலிருந்து எட்டுக் கதிர் உள்ள பழைய நூல் சுற்றும் மெஷின் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். கூடவே ஒரு மோட்டார். அரை ஹெச்.பி., நேம் பிளேட்டில் 415 வோல்ட், த்ரீ ஃபேஸ், ஸ்டார். எங்கள் வீட்டிலோ 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். வாடகை வீடு. த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டுமென்று வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்க முடியுமா? "மோட்டார காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற பார்க்கலாம்டா" என்றார் அப்பா. நான் அப்போது மூன்றாம் செமஸ்டர். ஸ்டார், டெல்டா படித்த சூடு ஆறவில்லை. "நான் மாத்தித் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாற்றியது எப்படி?

சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் மூன்று சுருள்களின் ஒரு முனை உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 415 வோல்ட் வெளியே கொடுத்தாலும் ஒவ்வொரு சுருளுக்கும் போவது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது, அதாவது 240 வோல்ட்தான். வீட்டில் வருகிற 230 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது அல்லவா? ஆக, சுருளைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் அந்த ஸ்டார் முடிச்சைத் தேடி எடுத்து, பிரித்து, ஆறு முனையையும் வெளியே கொண்டுவந்து, ஒரு சுருளின் முடிவை அடுத்த சுருளின் தொடக்கத்தோடு சேர்த்து டெல்டா ஆக்கினால் போதும். இரண்டு முனைக்கு வீட்டு கரண்ட். மூன்றாவது முனைக்கு ஒரு கண்டன்சர் வழியாக. கண்டன்சரின் மறுமுனையை இந்த லைனில் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். அந்த லைனில் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற பெரிய மின்னியல் மேதையின் பெயரால் இந்த இணைப்பை அழைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது நேம் பிளேட்டில் '415 ஸ்டார்' என்று போட்ட மோட்டாருக்கு மட்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓட்டுகிற பெரிய மோட்டார்கள் 415-க்கே டெல்டாவில் இருக்கும். அதன் சுருள் ஒவ்வொன்றும் 415 கேட்கும். வீட்டு 230 அதற்குப் பாதிப்பட்டினி.

கண்டன்சர் எவ்வளவு? கிலோவாட்டுக்கு 70 மைக்ரோ ஃபாரட் என்பது கணக்கு. அரை ஹெச்.பி. என்றால் 0.37 கிலோவாட், வருவது 26. நானும் 25 மைக்ரோ ஃபாரட் வாங்கிப் போட்டேன். மோட்டார் ஓடியது! அம்மா கற்பூரம் ஏற்றினார். அரை மணி நேரத்தில் மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. 'ங்ஙீ' என்று ஒரு முனகல் வேறு. அந்தக் கணக்கு முழுச்சுமைக்கானது என்பது அப்புறம்தான் உறைத்தது. எட்டுக் கதிர் சுற்ற எவ்வளவு சக்தி வேண்டும்? கொஞ்சம்தான். சுமை இல்லாத மோட்டாருக்குப் பெரிய கண்டன்சர் போட்டால் ஒரு சுருளில் மட்டும் கரண்ட் ஏறி அது காய்கிறது. 16 ஆகக் குறைத்தேன். முனகல் நின்றது. சூடும் அடங்கியது.

இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. பழைய சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். எழும்பும்போது விசை ரொம்பக் குறைவு. சுமையில்லாமல் எழும்பும் நூல் சுற்றும் மெஷினுக்கு அது போதும். தண்ணீர் நிரம்பிய பம்புக்கும் கல் கனத்த கிரைண்டருக்கும் போதாது.

எப்படியோ, எங்கள் வீட்டில் எட்டுக் கதிர் சுற்றியது. அம்மாவின் தோள்பட்டைக்கு ஓய்வு கிடைத்தது. தெருவில் எனக்கு 'இன்ஜினியர்' பட்டம் கிடைத்தது!

நான் செய்யாத ஒரு வேலை

நூல் சுற்றக் கொடுப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பொங்கலுக்கு முன்னால் அப்பா மெஷினை ஒருவருக்கும் மோட்டாரை ஒரு காயலான் கடைக்கும் விற்றுவிட்டார். அந்தப் பணம் என் செமஸ்டர் ஃபீஸ் ஆனது. கண்டன்சரைக் கழற்றி நான் வைத்துக்கொண்டேன். மோட்டாரை மறந்துபோனேன்.

நான்காம் செமஸ்டர் முடிந்த லீவில், சின்ன காஞ்சிபுரம் பக்கம் ஒரு வைண்டிங் கடையில் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு மாவு மில்காரர் கருகிய மோட்டார் ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். சலிக்கிற மெஷினுக்காகக் காயலான் கடையில் வாங்கியதாம். 415 என்று போட்டிருக்கிறதே என்று மில்லின் த்ரீ ஃபேஸில் கொடுத்திருக்கிறார். அஞ்சு நிமிஷம்கூட ஓடவில்லை, புகை.

மோட்டாரைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெர்மினல் பெட்டிக்குள் நான் சுற்றிய பச்சை டேப் அப்படியே இருந்தது.

கடைக்கார அண்ணன் மூடியைக் கழற்றினார். இரண்டே நிமிஷம். "எவன்டா இத டெல்டாவுல கட்டினவன்? வெளிய 415 ஸ்டார்னு போட்டிருக்கு, உள்ள டெல்டா. பாவம், இவரு என்ன பண்ணுவாரு?" என்றார். 240 வாங்க வேண்டிய சுருளுக்கு 415 போயிருக்கிறது. ஒன்றே முக்கால் மடங்கு. இரும்பு தாங்குமா? கம்பி தாங்குமா? மில்காரர் ஒன்றும் கோபப்படவில்லை. "நாம எழுதியிருக்கறதப் பார்த்துத்தானே தம்பி கொடுக்கிறோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான்தான் அவன் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கடை திறக்கும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ கட்டினது தப்பு இல்ல. கணக்கு சரி. முடிச்சு போட்டதும் சரி. ஆனா சொல்லாம விட்டுட்ட பார், அதான் தப்பு" என்றார். அந்த மோட்டாரை நானே கட்ட வேண்டும், கம்பிக் காசும் வார்னிஷ் காசும் என்னுடையது, மில்காரரிடம் போய்ச் சொல்வதும் என் பொறுப்பு. இவ்வளவுதான் தண்டனை. பழையபடி ஸ்டாரில் கட்டினேன். மில்காரரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டுக்காகத்தானே பண்ணின, போ" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் கருத்து இதுதான்

நண்பர்களே, இனி என் கருத்துக்கு வருகிறேன். வேறு வோல்டேஜ் மோட்டாரை வீட்டு வோல்டேஜுக்கு மாற்றுவது கேவலமான வேலை அல்ல, தப்பும் அல்ல. ஆனால் உள்ளே மாற்றியவன் வெளியே எழுதாமல் விட்டால், அவன் செய்தது பாதி வேலை மட்டும் அல்ல. அடுத்தவனுக்கு வைத்த பொறி.

சிலர் சொல்வார்கள்: "இதெல்லாம் ஒட்டு வேலை. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் புதுசா வாங்கிட்டாப் போச்சு." வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும்; நானே அதைத்தான் சொல்வேன். புது மோட்டார் கரண்டும் குறைவாகத் தின்னும். இன்னும் சிலர், "இப்போதான் டிரைவ் வந்துடுச்சே" என்பார்கள். உண்மைதான். வீட்டு 230-ஐ வாங்கி த்ரீ ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. இன்று கிடைக்கிறது, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம், எழும்பும் விசையும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சாதாரண டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். அப்போதும் மோட்டாரை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றித்தானே ஆகவேண்டும்? அந்த மோட்டாரும் ஒருநாள் கைமாறும் அல்லவா? காலம் மாறினாலும் பலகைப் பிரச்சினை மாறவில்லை.

நம் ஊரில் இன்னொரு வகை மோட்டாரும் வருகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் ஆசையாகத் தூக்கி வரும் தையல் மெஷின், மிக்ஸி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 1882-ல் எடிசன் நியூயார்க்கில் தன் பல்புகளுக்காக 110 வோல்ட் டி.சி. கொடுத்ததன் வாரிசு அது. ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஆரம்பத்தில் ஒரு ஊர் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, இன்னொரு ஊர் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது, அதனால்தான்! யாரோ எங்கோ வாங்கிய மெஷினுக்காக ஒரு நாடே இன்றும் இரண்டாக இருக்கிறது.

இந்த மோட்டார்களை மாற்றுவதற்கு முன் எது எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் உள்ளது என்றால் அதற்கு ஹெர்ட்ஸ் கவலை இல்லை. சரியான டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே மலிவு, நல்லது. ஆனால் ஒற்றைச் சுருள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஜாக்கிரதை: பிளக் மாறிப் போனால் 110 பக்கத்திலும் தரையைப் பொறுத்து முழு 230 நிற்கும். '110-தானே' என்று தொட்டுவிடாதீர்கள். பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரில் '115/230' என்று இரண்டும் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். உள்ளே இரண்டு பாதிச் சுருள் இருக்கும். பேரலலில் 115, சீரிஸில் 230. லிங்க்கை மாற்றினால் முடிந்தது. முடிந்ததா? இல்லை. 60-க்குச் செய்ததை 50-ல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்கு ஆகும். 1725 சுற்று சுமார் 1425 ஆகும். ஹெர்ட்ஸ் குறைந்த அளவு வோல்டேஜும் குறைய வேண்டும். 230 கேட்ட மோட்டாருக்கு இங்கே ஏறக்குறைய 192-தான் சரி. முழு 230 கொடுத்தால் சூடேறும்.

115 மட்டும் உள்ள மோட்டாரை 230-க்குப் புதிதாகக் கட்டினால்? சுற்று இரட்டிப்பு, கம்பியின் பரப்பு பாதி. இங்கே நம்மில் பலர் கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கிவிடுகிறோம். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு! விட்டத்தை 1.414-ஆல் வகுக்க வேண்டும். 0.80 மில்லிமீட்டர் கம்பி இருந்த இடத்தில் 0.57 அளவு. ஸ்டார்ட்டிங் சுருளையும் அதேபோல் இரட்டித்தால் கண்டன்சர் நாலில் ஒரு பங்கு போதும். ஆனால் அது தாங்க வேண்டிய வோல்ட் இரட்டிப்பு.

பாருங்கள், இத்தனை மாற்றம் உள்ளே நடக்கிறது. வெளியே? பழைய பலகை பளபளவென்று '115' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்!

வேடிக்கையாக ஒன்று. இங்கிலாந்தில் 1995-ல் வீட்டு மின்சாரத்தை 240-லிருந்து 230 என்று அறிவித்தார்கள். கம்பியில் எதையும் மாற்றவில்லை. அனுமதிக்கும் ஏற்ற இறக்க எல்லையை மட்டும் 240-ம் உள்ளே அடங்கும்படி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் உள்ளே மாற்றாமல் வெளியே எழுதினார்கள். நாம் வெளியே எழுதாமல் உள்ளே மாற்றுகிறோம்!

நாம் என்ன செய்யலாம்?

1937-ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டார் செய்தார்கள் என்று பெருமையோடு படிக்கிறோம். செய்த பெருமை அவர்களுக்கு. மாற்றிக் கட்டுகிற பெருமை தெருமுனை வைண்டிங் கடைகளுக்கு. அந்தக் கடைக்காரர்களிடம் கை இருக்கிறது. கணக்கைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் நோட்டில் கணக்கு இருக்கிறது; கை இல்லை. மெஷின்ஸ் லேபில் ஆறு டெர்மினலும் அழகாக வெளியே வைத்த மோட்டாரில் ஸ்டார், டெல்டா போட்டு ரீடிங் எடுக்கிறோம். வார்னிஷில் ஒட்டிக்கொண்ட ஸ்டார் முடிச்சை ஒருமுறையாவது தேடியிருக்கிறோமா?

மாணவர் மன்றத்துக்கும் எங்கள் துறைக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று.

முதலாவது, வருஷத்தில் இரண்டு நாள் நெசவாளர் தெருக்களில் மோட்டார் பரிசோதனை முகாம் நடத்துவோம். நூல் சுற்றும் மோட்டாரானாலும் சரி, தெருக்கோடிக் கோயில் மேள மிஷின் மோட்டாரானாலும் சரி. மெகரால் இன்சுலேஷன் பார்ப்பது, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் கொடுப்பது. ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு வேலை செய்கிற பெண்களுக்கு எர்த் கம்பி ஒன்று போதும் உயிரைக் காக்க. இதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, உள்ளூர் வைண்டிங் கடைக்காரர் ஒருவரை வருஷத்துக்கு ஒருமுறையாவது நம் லேபுக்கு அழைத்துவந்து கௌரவமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கட்டுவதைப் பார்ப்போம். பதிலுக்கு ஹெர்ட்ஸ் கணக்கை நாம் சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவதுதான் முக்கியம். நம் கை பட்ட எந்த மோட்டாரும் புதுப் பலகை இல்லாமல் வெளியே போகக் கூடாது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுத் தகரம், எழுத்துப் பஞ்ச், ஒரு சுத்தி. '230 வோல்ட். சிங்கிள் ஃபேஸ். உள்ளே டெல்டா. கண்டன்சர் 16. த்ரீ ஃபேஸ் 415-ல் கொடுக்காதே.' அடியில் தேதி. பழைய பலகையைப் பிடுங்க வேண்டாம், அதன் மேல் ஒரு கோடு போதும். அது என்னவாகப் பிறந்தது என்பதும் அடுத்தவருக்குத் தெரியட்டும்.

"பேரு போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்மளத்தானே பிடிப்பாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். பிடிக்கட்டுமே! அதற்குப் பயந்துதான் நாம் ஒழுங்காகக் கட்டுவோம். பெயரே போடாத வேலையை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். நான் செய்தேனே!

அந்த மோட்டாரை மறுபடி கட்டி முடித்த அன்று, அண்ணன் மேஜை டிராயரைத் திறந்து எழுத்துப் பஞ்ச் செட்டை எடுத்துக் கொடுத்தார். 'மறுபடி கட்டியது. ஸ்டார். 415' என்று அடித்தேன். கை நடுங்கியதில் 5 கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மில்லுக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம். சலிக்கிற மெஷினில் அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் இந்த வளாகத்தை விட்டு நான் போய்விடுவேன். முகாம் நடந்தால், பஞ்ச் செட் வாங்க என் பங்கு முதல் பங்காக இருக்கும். மற்ற பங்கு?

நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை